கீழூர்க் காற்று

அறுபத்து நாலாவது பிலிமையும் எண்ணி முடித்தபோது, எங்கேயோ தப்பாக எண்ணிவிட்டோம் என்றுதான் ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து எண்ணினாள். இரண்டாம் முறையும் அதேதான் வந்தது.

அவள் எண்ணியது குழிகளை. தயிர்க் கிண்ணம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நகத்தளவு பிலிமை ஒட்டி, வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவாள். காற்றில் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு இருந்தால், அதன் அணுக்கள் சிதையும்போது தெறிக்கிற துகள்கள் பிலிமில் வடு விட்டுப் போகும். பிலிமைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் வடுவெல்லாம் குழியாகும். குழிகளை எண்ணினால் காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நிறமில்லாத, மணமில்லாத வாயு, பாறையிலிருந்து கசிவது. ஒரு கனமீட்டர் காற்றில் முந்நூறு பெக்கரலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். போன வருடம் கீழூரில் தொள்ளாயிரம் இருந்தது. இப்போது ஆறாயிரத்து நூற்று நாற்பது.

கீழூர் ஒரு காலத்தில் கிரானைட் குவாரி. மதுரைக்கு வடக்கே அப்படிக் கைவிட்டுப் போன குவாரிகள் நிறைய உண்டு. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதத்தில், வெயில் ஐம்பத்து மூன்று டிகிரியைத் தொட்டு, மின்சாரமும் நின்றுபோய், பதினொரு நாளில் மாவட்டத்தில் நாலாயிரம் பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே வெந்து செத்தார்கள். 'அந்தப் பதினொரு நாள்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் குவாரியின் சுவர்களைக் குடைந்து சுரங்க வீதிகளும் வீடுகளும் போட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைக் குடிவைத்தது. பாறைக்குள் எப்போதும் இருபத்தெட்டு டிகிரிதான். காலை எட்டு மணிக்கு இரும்புக் கதவுகளைச் சாத்தினால் பொழுது சாய்ந்துதான் திறப்பார்கள். உள்ளே வீதிக்கு வீதி குழாய்கள், பனி மாதிரி தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கும். அங்கே குடிவந்த பிறகு வெயிலால் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஜெசிந்தா குடியிருந்தது மேலே. குவாரி விளிம்பில் அரசின் கதிர்வீச்சு ஆணையம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை ஆய்வகம், பக்கத்தில் ஒரு படுக்கையறை, இரண்டுக்கும் சோலார் ஏசி. நாற்பத்து மூன்று வயது. ஆறு வருடமாக இதே வேலை.

ஆணையத்தின் மாவட்ட அதிகாரி தணிகைவேலுக்குப் போன் போட்டாள்.

"மறுபடி எண்ணிப் பாத்தீங்களா?" என்றார் அவர்.

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார். தண்ணியையும் பாட்டில்ல பிடிச்சு அளந்துட்டேன். கண்மாய்த் தண்ணி நின்னதும் குவாரிக்குள்ளயே தொள்ளாயிரம் அடி போர் போட்டோம்ல, அதுதான். பாறைக்குள்ள தண்ணியில கரைஞ்சு கிடக்கிற வாயு, குழாயில தெளிக்கிறப்ப மொத்தமா வெளிய வந்துருது. கதவும் சாத்தியிருக்கு. அது எங்க போகும்?"

"கதவைத் திறந்துறலாமா?"

"பகல்ல திறந்தா உள்ள நாப்பத்தஞ்சுக்கு ஏறிரும் சார். குளிர வச்ச காத்தை உள்ள தள்ளணும். இல்லைன்னா தண்ணியை ரெண்டு வாரம் தொட்டியில நிறுத்தி வச்சு அப்புறமாத் தெளிக்கணும். நாலு நாளைக்கு ஒருக்கா வாயு பாதி பாதியாக் குறையும். ரெண்டு தடவை எழுதி அனுப்பியிருக்கேன்."

"பார்த்தேன். ரெண்டு வாரத் தண்ணியை நிறுத்துறதுக்குத் தொட்டியை மேல கட்டினா கொதிக்கும். கீழ கட்டினா நூறு வீட்டை இடிக்கணும். கரண்ட் கேட்டா ஆஸ்பத்திரிக்கே பத்தலைங்கிறாங்க." குரலைத் தாழ்த்தினார். "இப்படியே விட்டா என்ன ஆகும், ஜெசிந்தா?"

"நுரையீரல்ல புற்றுநோய். பீடி சிகரெட் இல்லாதவங்க நூறு பேர்ல நாலஞ்சு பேருக்கு வரலாம். பிடிக்கிறவங்கன்னா பாதிக்கு மேல. இங்க எல்லாருமே கல்லு உடைச்சவங்க சார், பீடி இல்லாத ஆம்பளையைப் பாக்க முடியாது. பிள்ளைங்களைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியலை. இந்த அளவுல பிள்ளைங்களை வச்சு யாரும் பார்த்ததில்லை."

"வெளிய கொண்டுவந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அளவை அப்படியே எழுதி அனுப்புங்க. கோடைக்கு மட்டும் வரம்பை ஆறாயிரத்து ஐந்நூறுன்னு மாத்தி ஒரு சுற்றறிக்கை வரும்." அவர் குரலில் வெட்கம் இருந்தது. அதனால்தான் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

அளவைக் கீழூர் வாசலில் உள்ள பலகையில் எழுதிப்போட வேண்டும் என்பதும் சட்டம்தான். மறுநாள் சாயங்காலம் கதவு திறந்ததும் அவளே சுண்ணாம்புக்கட்டியால் எழுதினாள். முதலில் வந்து நின்று படித்தவள் சோலைமணி. கீழூரின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. முப்பது வயதிருக்கும். கிண்ணங்களைத் தொங்கவிடும்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இது என்ன, அது எப்படி என்று கேட்கிற ஒரே ஆள்.

"அக்கா, இதுல ஒரு சைபர் கூடப் போட்டுட்டீகளா?"

"இல்ல சோலை. சரியாத்தான் போட்டிருக்கேன்."

அன்று கீழூரின் நடுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ராக்கப்பன், அறுபது வயது, வலது கையில் மூன்று விரல் மட்டும் மிச்சமுள்ள பழைய குவாரி வெடிகாரர். அவர் ஜெசிந்தாவைப் பேசச் சொன்னார். அவள் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர், வாயு, நுரையீரல், பீடி, பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்பது எல்லாம் சொன்னாள். மேலே குழாய்கள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் தங்களை அறியாமல் அண்ணாந்து அவற்றைப் பார்த்தார்கள்.

"தண்ணியை நிப்பாட்டிருவாகளா?" என்று ஒருவர் கேட்டார்.

"நிப்பாட்டினா உள்ள சூடாயிரும்."

"அப்ப எங்களை வேற எடத்துக்குக் கொண்டுபோவாகளா?"

"அப்படி யாரும் சொல்லலை."

பேச்சியம்மா என்ற பெண் எழுந்தாள். "எம் மகளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. நிப்பாட்டவும் மாட்டீக, கூட்டிட்டும் போகமாட்டீக. அப்புறம் எதுக்கு மேடம் இதை வெளிய எழுதிப் போட்டீக? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக தினம் அந்த வழியாத்தான் பஸ்ஸுல போறாக."

தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று ஜெசிந்தா சொல்ல வந்தாள். அந்தக் கூடத்தில், அந்த முகங்களுக்கு முன்னால், அது வாயை விட்டு வரவில்லை.

பேச்சியம்மா பயந்தபடியே நடந்தது. பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் கீழூர்ப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். அரிசி மில்லில் பதினேழு பேரை இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று ஜெசிந்தா மில்லுக்கே போய்ச் சொன்னாள். மில்காரர் மரியாதையாக உட்கார வைத்து, மோர் கொடுத்து, கேட்டுக்கொண்டார். யாரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை, கதவு சாத்துவதற்கு முன்னால், சோலைமணி ஒரு பையோடும் ஏழு வயது மகள் ஆதிரையோடும் ஆய்வகத்துக்கு வந்தாள்.

"நாங்க டவுனுக்குப் போறோம்க்கா. எங்க சித்தி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. ஏசி இல்ல, ஏர்கூலர் இருக்கு."

"உன் வீட்டுக்காரர்?"

"அவருக்கு இங்க சோலார் தகடு தொடைக்கிற வேலை. விட்டுட்டு வரமுடியாதுங்கிறாரு. வெயில் குறையட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு." சோலைமணி மகளின் தலையைத் தடவினாள். "நீங்க அன்னிக்குச் சொன்னீகள்ல, பிள்ளைங்களைப் பத்தித் தெரியலைன்னு. அதை நெனச்சா சோறு இறங்கமாட்டேங்குது."

இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போ என்று ஜெசிந்தா சொல்லியிருக்கலாம். மே மாதத்தைத் தாண்டு, அப்புறம் போ என்று. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தன் கணக்கை நம்பிய ஒரே ஒருத்தி இவள். அவளிடம் போய், நம்பியது போதும், கொஞ்சம் பொறு என்று எப்படிச் சொல்வது? "தண்ணி நிறையப் பிடிச்சு வச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

மே ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு டவுனின் கிழக்குப் பகுதியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வெளியே ஐம்பத்தொன்று. சித்தி குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. தெரு கொதித்துக் கிடந்ததால் யாரும் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் எதிர்வீட்டுக்காரர் மாடியேறி, கதவை உடைத்தார்.

அந்த அறையில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல நிற டிரம் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளை உட்காரும் அளவுதான். ஆதிரை அதற்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தது. டிரம்முக்கு வெளியே சாய்ந்து கிடந்த அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். அம்மா தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னாளாம்.

மூன்றாம் நாள் சோலைமணியின் கணவன் முத்திருளன் ஆய்வகத்துக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"பிள்ளையைக் கீழ கொண்டுவந்துட்டேன் மேடம். பேச்சியக்கா பாத்துக்கிறாக."

"சரி."

"ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னிக்குச் சொன்னது, அந்த நம்பரு… அது உண்மைதானே?"

"உண்மைதான்."

அவன் தலையை ஆட்டினான். "அப்பச் சரி" என்றான். இன்னும் ஏதாவது கேட்பான், திட்டுவான், ஒன்றுமில்லாவிட்டால் அழுவான் என்று காத்திருந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான். பொய் என்று சொல்லியிருந்தால் அவளைக் கொன்றிருப்பான். உண்மை என்றதால் அவனுக்கு யாரையும் எதுவும் செய்ய இடமில்லாமல் போயிற்று. ஜெசிந்தா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ராக்கப்பன் வந்தார். ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சுக்குக் காரணம் வயதா, கல்தூசியா, வேறேதாவதா என்று அவள் மனம் தன்னால் யோசித்தது. இப்போதெல்லாம் யார் இருமினாலும் அப்படித்தான் யோசித்தது.

"தாயி, உங்களைக் குத்தம் சொல்ல வரலை" என்று ஆரம்பித்தார். "கீழ இன்னும் ஒம்போது வீட்டுல மூட்டை கட்டி வச்சிருக்காக. எல்லாம் கைப்பிள்ளைக்காரிக. சோலை செத்ததைப் பாத்தும் கட்டி வச்சிருக்காக. வர்ற வாரம் அம்பத்திரண்டு, அம்பத்துமூணுங்கிறான் ரேடியோவுல."

"நான் வந்து பேசுறேன். வெயில் முடியட்டும்னு சொல்றேன்."

"பேசியாச்சு. நானும் பேசினேன். அந்தப் பலகையைக் காட்டுறாளுக. அதுல ஆறாயிரம்னு எழுதியிருக்கிற வரைக்கும் எவ பேச்சையும் கேக்கமாட்டாளுக." அவர் தன் மூன்று விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "புதுசா அளந்திருக்கீகள்ல? பதினஞ்சு நாள் கிண்ணம்?"

"அளந்திருக்கேன்."

"எம்புட்டு?"

"ஆறாயிரத்து இருநூறு."

"அதைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க தாயி. ரெண்டு மாசத்துக்கு. மழை விழுந்ததும் உள்ளதை எழுதிக்கலாம். அதுக்குள்ள இந்தப் பாவத்துல பாதியை நான் வாங்கிக்கிறேன்."

அவர் போன பிறகு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் குவாரியின் சரிவும் இரும்புக் கதவும் தெரியும். வெளியே எதுவும் அசையவில்லை. காக்கைகூட இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆதிரை விளையாடிக்கொண்டிருப்பாள். அவள் அங்கேயேதான் இருக்க வேண்டும். அவள் அம்மா எந்தக் காற்றிலிருந்து அவளைக் காப்பாற்றக் கிளம்பினாளோ, அந்தக் காற்றில்தான் அவள் உயிரோடு இருக்க முடியும்.

சாயங்காலம் ஜெசிந்தா பலகையைத் துடைத்துவிட்டு இருநூற்றுத் தொண்ணூறு என்று எழுதினாள். அதன் கீழே, முன்பு பயன்படுத்திய பிலிம்கள் பழுதானவை என்று ஒரு வரி. அதே எண்ணையும் வரியையும் அறிக்கையிலும் எழுதி அனுப்பினாள்.

ஒன்பது வீட்டிலும் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாரம் ஐம்பத்து மூன்று வந்தது. டவுனில் நாற்பத்தாறு பேர் செத்தார்கள். கீழூரில் ஒருவரும் சாகவில்லை. பேச்சியம்மா ஏறி வந்து, "பழுதான சாமானை வச்சு எம் மக வாழ்க்கையைக் கெடுத்துப்புட்டீகளே" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஜெசிந்தா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

ஜூலையில் மழை விழுந்தது. உண்மையான அளவை எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, திருத்திய அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தபோது தணிகைவேல் போன் செய்தார்.

"ஆர்டர் வந்திருச்சு ஜெசிந்தா. கீழூரைப் பெருசு பண்றாங்க. அதே போர், அதே குழாய். தெற்குச் சுவரை ஏற்கெனவே குடைஞ்சு தயாரா இருக்கு, நானூறு குடும்பத்துக்கு. அப்புறம் வேற பதினோரு குவாரி. எல்லாத்துக்கும் உங்க அறிக்கையைத்தான் இணைச்சிருக்காங்க. ஆழ்துளைத் தண்ணி தெளிச்சும் முந்நூறுக்குள்ள இருக்குன்னு காட்டின ஒரே இடம் நம்மதுதானாம்."

"சார், அது பொய். நான் எழுதினது பொய். ஆறாயிரத்து இருநூறு சார். பிலிம்ல எந்தப் பழுதும் இல்ல."

"தெரியும்" என்றார் அவர். "மூணு மாசத்துல ஆறாயிரம் இருந்தது முந்நூறா ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒம்பது வீட்டுக்காகத்தான் எழுதியிருப்பீங்கன்னும் புரிஞ்சுது. இப்படிப் போய் முடியும்னு ரெண்டு பேருக்குமே தோணலை."

"இப்பத் திருத்தி அனுப்பறேன்."

"அனுப்புங்க. எந்தப் பிலிம் பழுதுன்னு கேப்பாங்க. பழையதா, புதுசா? ஒரு தடவை பழுதுன்னு எழுதினவங்க எழுத்தை ரெண்டாந்தடவை யாரு எடுத்துக்குவாங்க?" பிறகு மெதுவாகச் சொன்னார். "வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்தக் கோடையில வீட்டுல ஒருத்தரைப் பறிகொடுத்தவங்க. அதையும் உங்ககிட்ட சொல்லணும்."

அவள் திருத்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. பலகையில் உண்மையான எண்ணை எழுதினாள். இரண்டு நாளில் யாரோ வந்து பலகையையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் லாரிகள் வந்தன. ஜெசிந்தா சரிவின் மேல்முனையில் நின்றுகொண்டாள். ஒவ்வொருவரையாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். முதலில் வந்தவர்கள் சாமான் இறக்குகிற அவசரத்தில் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பெயர் வீராயி என்றாள். திருச்சுழிப் பக்கம். வீட்டில் ஏழு பேராக இருந்தோம், இப்போது நாலு பேர் என்றாள்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரிலிருந்து வருகிற வாயு, பலகையில் தான் எழுதிய பொய், உண்மையான அளவு எதையும் விடவில்லை. வீராயி ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டாள். இடையில் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இது உடனே ஆளைக் கொல்லாதாம்மா?" என்றாள்.

"உடனே ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும். நோயாத் தெரியறதுக்கு இருபது வருஷம்கூட ஆகலாம்."

"இருபது வருஷமா?"

"ஆமா."

வீராயியின் முகம் மாறிற்று. அது பயம் என்றுதான் ஜெசிந்தா முதலில் நினைத்தாள். அவள் குனிந்து, கையில் பிடித்திருந்த பெரிய பிள்ளையைப் பார்த்தாள். ஆறு வயதிருக்கும். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா, ஒரு தடவை நல்லாச் சொல்லுங்க. இங்க இருந்தா இருபது வருஷம் இருப்போமா? நிச்சயமா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அவள் பதிலுக்கு வீராயி காத்திருக்கவில்லை. சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்ட தன் கணவனை நோக்கி, பிள்ளையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலைச்சுமையோடு திரும்பி, மேலே நின்ற ஜெசிந்தாவைப் பார்த்து, ஒரு கையை எடுத்துக் கும்பிட்டான்.